நத்தார் விருந்துப் பட்டியலை எழுதியவர்கள்

தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “கிறிஸ்துமஸை நீங்கள் ஏன் நத்தார் என்கிறீர்கள்?” என்பதே அது. பதில் சுருக்கமானது. இயேசு பிறப்பு விழாவுக்குப் போர்த்துக்கேய மொழியிலுள்ள பெயர் ‘நத்தால்’. அது சிங்களத்தில் ‘நத்தல’ என்றும் எங்கள் தமிழில் ‘நத்தார்’ என்றும் நிலைத்துவிட்டது. ஆண்டவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் வைத்த பெயர் போகவில்லை.

பெயர் மட்டுந்தானா? நத்தார் விருந்து தயாராகும் இடத்தைப் பாருங்கள். சமையல் நடப்பது குசினியில். கேக் வேகுவது போறணையில். காலையில் மேசைக்கு வருவது பாண். இறைச்சி ஊறுவது வினாகிரியில். கேக்கில் விழுவது கஜு. குசினி, போறணை, மேசை, பாண், வினாகிரி, கஜு ஆகிய ஆறு சொற்களும் போர்த்துக்கேயர் வழியாக எங்களிடம் வந்தவை. யாழ்ப்பாணத்து வீடொன்றில் நத்தார் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, நாம் அறியாமல் பதினாறாம் நூற்றாண்டின் மொழியைப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

நவம்பர் கடைசியில் ஒரு குடும்பத் தலைவி நத்தாருக்கு என்ன சமைப்பது, என்ன வாங்குவது என்று ஒரு கடதாசியில் பட்டியல் எழுதுகிறார். அது அவருடைய விருப்பத்தின் பட்டியல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதில் பாதியை அவருக்கு முன்னரே வேறு சிலர் எழுதிவிட்டார்கள். கப்பலோடு வந்தவர்கள் சிலவற்றை எழுதினார்கள். தடைச் சட்டம் போட்டவர்கள் சிலவற்றை அடித்துவிட்டார்கள். மிஞ்சிய இடத்தில்தான் அந்தப் பெண்மணி தன் கணக்கைப் போடுகிறார். அரை நூற்றாண்டாகச் செய்தித் தொழிலில் இருந்து பார்த்தவன் என்ற வகையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மிஞ்சிய இடந்தான்.

கப்பலில் வந்த கேக்

போர்த்துக்கேயர் இத்தீவில் முதன்முதலாகக் கால் வைத்தது 1505 ஆம் ஆண்டில். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் அவர்கள் கைக்குப் போனது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். இடைப்பட்ட காலத்தில் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றுள் கத்தோலிக்க மதத்துக்கு அடுத்தபடியாக நீடித்து நிற்பது சமையல் எனலாம்.

நத்தார் மேசையின் அரசி என்று கொழும்பில் பலராலும் சொல்லப்படும் ‘லவ் கேக்’ அந்த மரபின் வாரிசாகவே கருதப்படுகிறது. கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை, பாதாமுக்குப் பதிலாகக் கஜு, அவற்றோடு நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சி எடுத்த ‘தோசி’, தேன், பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய் என்பன இதில் சேரும். சீனியில் காய்ச்சிய பழவகைகளைக் குறிக்கும் அந்தத் ‘தோசி’ என்ற சொல்லே இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபுதான். இருபது, இருபத்தைந்து முட்டைகளின் மஞ்சட்கரு கேட்கும் செய்முறைகளும் உண்டு. ஐரோப்பியரின் கேக்கை எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் கைக்கெட்டிய பொருட்களால் நிரப்பியபோது பிறந்த புதிய பண்டம் இது. இல்லாத பொருளுக்கு மாற்றுக் கண்டுபிடிப்பது என்ற கலை எங்கள் நத்தார் சமையலில் அன்றே தொடங்கிவிட்டது என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

வான்கோழியின் கதையும் சுவையானது. அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஐரோப்பியர் வழியாகவே கீழைத்தேயங்களுக்கு வந்தது. 1612 ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட வான்கோழியைக் கண்டு அவர் வியந்து, தம் ஓவியர் மன்சூரைக் கொண்டு அதனை வரைவித்தார். ஆனால் ஒல்லாந்தரோ அந்தப் பறவை நமது கள்ளிக்கோட்டையிலிருந்து வந்ததென்று எண்ணி, ‘கள்ளிக்கோட்டைக் கோழி’ என்ற பொருளில் ‘கல்கூன்’ என்றனர். அந்தச் சொல் சிங்களத்துக்கு வந்து ‘கலுகும்’ ஆயிற்று. இந்தியாவுக்கே புதிதான ஒரு பறவை, இந்திய நகரொன்றின் பெயரைச் சுமந்துகொண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தது.

தடை விதித்தவர்களின் பலகாரம்

நத்தார் விருந்தை ஓர் அரசாங்கம் தடைசெய்ய முடியுமா? முடியும் என்று இங்கிலாந்தின் வரலாறு சொல்கிறது. தூய்மைவாதிகளின் செல்வாக்கிலிருந்த பாராளுமன்றம் 1647 ஜூன் மாதத்தில் நத்தார் உட்படத் திருநாட்களை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு நத்தார் தினத்தில் கடைகளைத் திறக்க வேண்டுமென்று வற்புறுத்தப்பட்டபோது கன்ரபரி நகரில் கலகம் மூண்டது. 1660 இல் முடியாட்சி மீண்ட பின்னரே விழா மீண்டும் வெளிப்படையாகக் கொண்டாடப்பட்டது.

இங்கிலாந்தில் அந்தத் தடை நிலவிய காலத்திலேயே, 1658 இல், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1687 இல் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் வேடத்தில் நடமாடி, இரவில் வீடுகளில் இரகசியமாகப் பூசை செய்தது இதனால்தான். அவர் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் பிரித்தானியர் காலத்தில், 1806 இலேயே நீங்கின. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு என்பது ஐந்தாறு தலைமுறை. விழாவை மறக்கச் செய்ய அது போதுமான காலம். ஆனால் மறக்கப்படவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. பூசையைத் தடைசெய்த ஒல்லாந்தரின் பலகாரமும் பின்னாளில் அதே நத்தார் மேசையில் இடம்பிடித்துக்கொண்டது. பறங்கியர் சமூகத்தினர் நத்தார் காலையில் உண்ணும் ‘புறூடர்’ என்ற புளித்த மாக் கேக் ஒல்லாந்தர் வழிவந்தது. அதற்கான செய்முறைகள் பல, பேக்கரியிலிருந்து பாண் மாவைக் குழைத்தபடியே வாங்கி வரும்படி சொல்லித்தான் தொடங்கும். அதில் வெண்ணெயும் முட்டையும் சீனியும் முந்திரிகை வற்றலும் சேர்த்து, வரிவரியான அச்சில் வார்த்துச் சுடுவார்கள். சிவப்பு மெழுகு பூசிய ஒல்லாந்துப் பாற்கட்டியும் வாழைப்பழமும் அதற்குத் துணை. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் பறங்கியர் பெருமளவில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, புறூடர் அச்சும் பெட்டிகளில் ஏறிப் போயிற்று. நம்மவர்கள் புட்டுக்குழலையும் இடியப்ப உரலையும் கட்டிக்கொண்டு புறப்பட்டது அதற்குப் பிந்திய கதை.

கொக்கிஸ் என்று நாம் சொல்லும் அச்சுப் பலகாரத்தின் பெயரும் ஒல்லாந்தருடையதே. சிங்களவரின் சித்திரைப் புத்தாண்டில் அது இல்லாத தட்டே கிடையாது. எவருடைய பலகாரம் எவருடைய பண்டிகைக்குப் போய்ச் சேரும் என்பதை எந்த ஆட்சியாளரும் தீர்மானித்ததில்லை.

பேரரசின் புடிங்

ஒல்லாந்தர் காலத்தில் அனுமதியின்றிக் கறுவாவை வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை வரை விதிக்கப்படலாம். தன் கொல்லைக்குப் பின்னாலுள்ள காட்டில் வளர்ந்த மரத்தின் பட்டையில் கைவைக்க உள்ளூர்வாசிக்கு உரிமையில்லை. அந்தக் கறுவா ஐரோப்பியச் சமையலறைகளில் மணந்தது.

பிரித்தானியர் காலத்தில் இந்த உறவு ஒரு விளம்பரமாகவே மாறியது. பேரரசின் பொருட்களையே வாங்குங்கள் என்று பிரசாரம் செய்ய 1926 இல் அமைக்கப்பட்ட சந்தைப்படுத்தல் சபை, மறு ஆண்டில் ‘பேரரசின் கிறிஸ்மஸ் புடிங்’ என்ற செய்முறையை வெளியிட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் சம்மதத்துடன் அரண்மனைத் தலைமைச் சமையற்காரர் கொடுத்த செய்முறை அது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது வரவேண்டிய நாடு குறிக்கப்பட்டிருந்தது. முந்திரிகை வற்றல் அவுஸ்திரேலியாவிலிருந்து, கராம்பு சன்சிபாரிலிருந்து, றம் ஜமேக்காவிலிருந்து; கறுவா இந்தியா அல்லது இலங்கையிலிருந்து. ஒரு பானைக்குள் ஓர் உலகப்படம். சமையல் குறிப்பும் ஓர் அரசியல் ஆவணமாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புடிங் வெளியாகி இரண்டு ஆண்டுகளில், 1929 இல், கொழும்பில் ஒரு நூல் வெளிவந்தது. ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெயிலி நியூஸ்’ சமையல் நூல் அது. லேக் ஹவுஸ் வெளியீடான அந்நூல் பல பதிப்புகள் கண்டு, தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி, எண்ணெய்க் கறை படிந்த நிலையில் இன்றும் பல வீடுகளில் உண்டு. நாங்கள் எழுதும் தலையங்கங்கள் மறுநாளே பொட்டலம் கட்டப் போய்விடுகின்றன. ஒரு பத்திரிகையின் பெயரை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் குசினியில் வாழவைத்தது ஒரு சமையல் நூல் என்பதில் எங்கள் தொழிலுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து மேசை

இவையெல்லாம் கொழும்பு மேசைகள். யாழ்ப்பாணக் கத்தோலிக்க வீடுகளில், குறிப்பாகக் கரையோரக் கிராமங்களில், நத்தார் விருந்தின் முகம் வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய காலத்தில் டிசெம்பர் 24 ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்கும் நாள். பகலில் மச்சமில்லை. நள்ளிரவுப் பூசை முடிந்து, பாலன் குடிலைக் கும்பிட்டு வீடு திரும்பிய பின்னர்தான் விருந்து. ஆகவே இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி எல்லாம் நேரக் கணக்கோடு திட்டமிடப்பட வேண்டியவை. பயற்றம் பணியாரம், முறுக்கு, சிப்பி, பால்ரொட்டி போன்ற பலகாரங்கள் ஒரு வாரத்துக்கு முன்பே தகரப் பேணிகளில் அடைபட்டுவிடும். தீபாவளிக்குச் சைவ வீட்டிலும் நத்தாருக்குக் கத்தோலிக்க வீட்டிலும் வேகும் பலகாரங்களில் பெரிய வேறுபாடு கிடையாது.

கேக் மட்டும் தனிக் கதை. பெரும்பாலான வீடுகளில் அதைச் சுடப் போறணை இல்லை. வீட்டில் மாவை அடித்துத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டை வைத்து, ஊர்ப் பேக்கரிக்கு அனுப்புவார்கள். பாண் சுட்டு இறக்கிய பின் போறணையில் மிஞ்சும் சூட்டில் ஊராரின் கேக்குகள் வேகும். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843 இல் எழுதிய ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையில் வரும் ஏழைக் குடும்பத்தின் வாத்தும் பேக்கரியில்தான் வேகிறது என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் வந்தன. இலண்டன் ஏழைக்கும் எங்களூர்க் கடற்றொழிலாளிக்கும் இடையே எத்தனையோ கடல்கள். ஆனால் இருவரும் நத்தாருக்காகப் பேக்கரி வாசலில்தான் நின்றார்கள்.

வெட்டிய கேக் துண்டுகளை எண்ணெய்க் கடதாசியில் சுற்றி அயல்வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தட்டுகள் வரும். ஒன்றில் கேக். மற்றதில் முட்டை சேராத பலகாரமும் ஒரு சீப்பு வாழைப்பழமும். இரண்டாவது தட்டு மச்சம் தொடாத என் அப்பாச்சிக்காக வருவது. அடுத்த வீட்டுக் கிழவியின் விரதத்தையும் கணக்கில் எடுத்துத் தன் பட்டியலை எழுதிய அந்தத் தாயை எந்த வரலாற்று நூலும் பதிவுசெய்யவில்லை. தைப்பொங்கலன்று எங்கள் புக்கை அந்தத் தட்டிலேயே திரும்பிப் போகும்.

அடித்துவிடப்பட்ட வரிகள்

1942 இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது. கூப்பனும் சங்கக்கடையும் எங்கள் வாழ்க்கையின் அங்கங்களாயின. 1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயிக்கு அது பொற்காலம். கேக் செய்ய நினைத்த இல்லத்தரசிக்கோ சோதனைக் காலம். பாணுக்கே விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்த நாட்களில் முந்திரிகை வற்றலுக்கு எங்கே போவது? பூசணித் தோசியும் சீனியில் காய்ச்சிய பப்பாசிக்காயும் அந்த இடத்தை நிரப்பின. ருசி குறைந்தது என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அதே வெளிச்சத்தில்தான் பாலன் குடிலும் தெரிந்தது. அடியில் மணல் பரப்பிய சட்டிக்குள் மாத்தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் கொட்டிக் கேக் சுட்டார்கள். முட்டை இரண்டென்றால் இரண்டு. ஒரு தட்டுக் கேக்கை எத்தனை துண்டாக வெட்டினால் ஊருக்குப் போதும் என்பதே அன்றைய திட்டமிடல்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் புறப்பட்டார்கள். அந்த ஆண்டு நத்தார் தென்மராட்சியிலும் வன்னியிலும் பாடசாலைக் கூடங்களிலும் மர நிழல்களிலும் வந்தது. பட்டியலில் அரிசியும் பருப்பும் மட்டும். 2004 இல் நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், பலகாரப் பேணிகள் இன்னும் காலியாகாத கரையோர வீடுகளைக் கடல் வந்து கொண்டுபோயிற்று. அதன்பின் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் பல குடும்பங்கள் 25 ஆம் திகதி விருந்தைத் திட்டமிடும்போதே மறுநாள் நினைவுத் திருப்பலியையும் சேர்த்துத் திட்டமிடுகின்றன. 2009 டிசெம்பரில் மெனிக் பாம் முகாமில் உலர் உணவு நிவாரணத்தைக் கொண்டே நத்தார் சமையல் நடந்தது.

போர் முடிந்தபின் கொழும்பின் முறை வந்தது. 2021 டிசெம்பரில் சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு நத்தார் வேளையில் முட்டை விலையே நாட்டின் பெரிய செய்தி. மறு ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது. விறகடுப்பை மறந்திருந்த கொழும்பு அடுக்குமாடிக் குடும்பங்கள், மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துச் சமைக்கப் பழகின. யாழ்ப்பாணத்துத் தாய்மார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தேறிய பாடம் அது.

எழுதி வையுங்கள்

ஒல்லாந்தரின் கட்டளைகள் சுவடிக்கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. மன்னரின் புடிங் செய்முறை அச்சில் இருக்கிறது. வர்த்தமானி அறிவித்தல்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பட்டியலில் எதை அடித்தார்கள் என்பதற்கு ஆவணம் உண்டு. அடித்த இடத்தில் எங்கள் பெண்கள் எதை எழுதினார்கள் என்பதற்குத்தான் ஆவணம் இல்லை. அது அவர்களுடைய கைப்பழக்கத்திலும் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. அந்த நினைவுகளுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயதாகிறது.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இவ்வாண்டு நத்தாருக்கு வான்கோழியை யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டப்போகும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மேசையின் மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கும் அந்த மூதாட்டியிடம், ‘கேக் எப்படிச் செய்வது?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எந்த ஆண்டில் எது கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக எதைப் போட்டீர்கள், யார் வீட்டுப் போறணையில் சுட்டீர்கள், எத்தனை வீட்டுக்குத் துண்டு போயிற்று என்று கேளுங்கள். கேட்டதை ஆண்டு, ஊர் குறிப்பிட்டு எழுதி வையுங்கள்.